கைக்குள் வந்த கிராணி ஆபீஸ்

மலேசியாவில் சிரம்பானை அடுத்த செனாவாங்கில் எங்கள் வீட்டில் இருட்டோடு எழுந்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அம்மா. வயது எழுபத்தெட்டு. இருபத்தைந்து வருடம் ரப்பர் மரம் சீவிய உடம்பு. நாலரை மணிக்கு மேல் படுக்கையில் தங்காது. இன்னொருவன் என் மகன். மோட்டாரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. வரும் வாரத்துக்கான வேலை நேரங்களைச் செயலி திறந்துவிடும் நாளில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். மதியச் சாப்பாட்டு நேரமும் இரவுச் சாப்பாட்டு நேரமும் சில நிமிடங்களில் போய்விடும். பிந்தினால் ஆள் நடமாட்டம் இல்லாத மூன்று மணி, நாலு மணிதான் மிஞ்சும். போன மாதம் அப்படி ஒரு நாள், அம்மா அவனுக்குக் கோப்பி கலக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “என்னய்யா, பெரட்டு போட்டாச்சா?”

அவனுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. எனக்குத் தெரியும். தோட்டத்தில் விடியுமுன் தண்டவாளத் துண்டில் மணி அடித்ததும் ஆபீஸுக்கு முன்னால் வரிசையில் நிற்பதுதான் பெரட்டு. கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், பேர் கூப்பிடுவார். ஒவ்வொரு பேருக்கும் எந்த நிரை, எத்தனை மரம் என்று சொல்லுவார். பேர் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை. இதை மகனிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. “அப்ப பாட்டி சொல்றது சரிதான்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரைக்குத் திரும்பினான்.

அந்த ஒரு சொல்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத உட்கார்த்தியது. திறன்பேசி உலகத்தை மாற்றிவிட்டது என்று பதினைந்து வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். மாற்றியிருக்கிறது. ஆனால் செனாவாங், சுங்கை காடுட், பாரோய் என்று தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய தாமான் குடியிருப்புகளில் அது எந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா சொன்னார். அது கிராணி ஆபீஸ் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

தோட்டத்தில் வாழாதவர்களுக்கு அந்த ஆபீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலகைச் சுவர், தகரக் கூரை, இடுப்பு உயரத்தில் ஒரு சன்னல். அந்தச் சன்னல் வழியாகத்தான் எல்லாம் நடந்தது. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் பதிவது அங்கே. சம்பளம் அங்கே. முன்பணம் கேட்பதும், கடைக் கடனைக் கழிப்பதும், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசருக்குக் காட்டச் சிட்டு வாங்குவதும் அங்கே. தமிழ்நாட்டிலிருந்து வரும் கடிதம் அங்கே வந்து கிடக்கும். தோட்டத்திலேயே ஒரே தொலைபேசி அங்கேதான் இருந்தது. ஒருவர் கல்யாணம், ஒருவர் சாவு, ஒருவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், எது என்றாலும் அந்தச் சன்னலுக்கு முன்னால் போய் நிற்காமல் முடியாது. உள்ளே எழுதியிருப்பது ஆங்கிலம். வெளியே நிற்பவர்களுக்குத் தமிழும் கொஞ்சம் மலாயும்.

எல்லாவற்றையும் விட எனக்கு மறக்காமல் நிற்பது பால் நிறுவை. பதினொரு மணி வாக்கில் வாளிகளைச் சுமந்துகொண்டு எல்லோரும் ஸ்டோருக்கு வருவார்கள். விடுமுறை நாட்களில் நானும் அம்மாவோடு வருவேன். கிராணி கையில் மெட்ரோலாக் என்று ஒரு கருவி. அடியில் குண்டாக, மேலே மெல்லிய தண்டாக நீண்டு, தண்டில் கோடுகள் போட்டிருக்கும். பாலில் தண்ணீர் கலந்து அதை மிதக்கவிடுவார். மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். கருவி எந்தக் கோடுவரை மூழ்குகிறதோ, அதை வைத்து இந்த வாளிப் பாலில் எவ்வளவு காய்ந்த ரப்பர் தேறும் என்று கணக்கு. அந்தக் கணக்கின் மேல் கூலி. கிராணி குனிந்து பார்ப்பார், ஒரு எண்ணை எழுதுவார், அடுத்த வாளி. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வாளியின் கனம் தெரியும். “நேத்தைய விட இன்னிக்கு ஜாஸ்தி, கொறச்சலா எழுதியிருக்காங்க” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவார். சன்னலில் கேட்டதில்லை. கேட்டால் மறுநாள் மலைமேட்டு நிரை வரும் என்று பயம்.

தோட்டங்கள் போய்விட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை இருந்த இடத்தில் வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. லயத்து வீடுகளைக் காலிசெய்த குடும்பங்களின் பெண்பிள்ளைகள் எண்பதுகளில் செனாவாங் ஆலைகளுக்குள் நுழைந்தார்கள். என் அக்காவும் அப்படிப் போனவர். அவர்கள் செய்த வேலைக்கும் இன்று நம் கையில் இருக்கும் கருவிக்கும் உள்ள உறவை இந்த ஊர்க்காரர்களே அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெரு ஒன்றில் நின்றபடி மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர், போட்டியாளரான பெல் ஆய்வுக்கூடத்தின் ஜோயல் எங்கலுக்குக் கைப்பேசியில் அழைத்தார். உலகத்தில் கையில் எடுத்துச் செல்லும் செல்பேசியிலிருந்து போன முதல் அழைப்பு அது. அதே மோட்டோரோலா சிரம்பானில் ஆலை வைத்திருந்தது. 1999-இல் தன் குறைகடத்தித் தொழிலின் ஒரு பகுதியை அது தனி நிறுவனமாகப் பிரித்தபோது ஆலை கைமாறியது. செனாவாங் தொழிற்பேட்டையில் இன்று ஓன்செமி என்ற பலகையோடு நிற்பது அதுதான். பக்கத்திலேயே துவாங்கு ஜாஃபார் தொழிற்பேட்டை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே வந்த சாம்சுங் எஸ்டிஐ முதலில் தொலைக்காட்சிப் பெட்டிக்கான படக்குழாய் செய்தது. தட்டைத் திரை வந்து படக்குழாயை ஒழித்தது. ஆலை லித்தியம் அயனி மின்கலத்துக்கு மாறியது. 2022 ஜூலையில் இரண்டாவது மின்கல ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். முதலீடு 1.7 லட்சம் கோடி வோன். அங்கே செய்வதாகச் சொன்னது 21 மில்லிமீட்டர் குறுக்களவும் 70 மில்லிமீட்டர் உயரமும் உள்ள உருளை மின்கலம். மின்கருவிகளுக்கும் மின்வாகனங்களுக்கும் போவது. ஆனாலும் வேர் ஒன்றுதான். 1991-இல் சோனி கடைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம் இல்லாமல் கையடக்கத் திறன்பேசி பிறந்திருக்காது. 2019-இல் அதற்காக மூன்று பேருக்கு வேதியியல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

என் அக்கா இருபத்திரண்டு வருடம் உருப்பெருக்கி வழியாகப் பார்த்துப் பார்த்து, அரிசியை விடச் சிறிய பாகங்களைச் சோதித்தார். இப்போது நாற்பதடி தள்ளி நிற்கும் பஸ்ஸின் நம்பர் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவரிடம் தொலைபேசியே கிடையாது. வாங்கிய பிறகு, ஆலைக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து வந்த அழைப்பை எட்டு மணி நேரம் கழித்துத்தான் பார்ப்பார். கைப்பேசிகளின் உள்ளுறுப்பு செய்யும் வரிசையில் நின்றவர்களுக்கு அவை அடித்தது கேட்கவில்லை. மின்னணு ஆலைத் தொழிலாளர்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இந்த நாட்டில் பல்லாண்டு மறுக்கப்பட்டது. 1988-இல் ஆலைக்குள் மட்டும் சங்கம் வைக்கலாம் என்றார்கள். மண்டலச் சங்கங்கள் வர இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

திறன்பேசி நமக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்.

2005 பொங்கலன்று, கைப்பேசியில் தமிழ் எழுத உதவும் செல்லினம் வந்தது. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்தது. அதுவரை தமிழன் கைப்பேசியில் தமிழ் பேச மட்டும்தான் முடிந்தது. எழுத வேண்டுமென்றால் ரோமன் எழுத்தில் ‘வணக்கம் அண்ணே’ என்று ஒலியைத் தட்ட வேண்டும். எழுதியவருக்குத் தமிழ், கருவிக்கு அது ஏதோ பிழையான ஆங்கிலம். குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்து 160 கொள்ளும். யுனிகோடு எழுத்து 70 தான் கொள்ளும். அதிலும் ‘வணக்கம்’ என்ற ஐந்தெழுத்து, புள்ளிகளைத் தனியாக எண்ணுவதால், ஏழு இடம் பிடிக்கும். இத்தனை இடுக்குக்குள்ளும் தமிழை நுழைத்துக் காட்டியவர் ஒரு மலேசியத் தமிழர். பிறகு 2013-இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை வந்துவிட்டது. இன்று என் அக்கா மகள் யாரிடமும் கேட்காமல் தமிழில் தட்டுகிறாள். அந்த வசதி வானத்திலிருந்து விழவில்லை என்பதை அவளுக்கு நான் அடிக்கடி நினைவுபடுத்துகிறேன்.

2007-ஐ உலகம் ஐபோன் வந்த ஆண்டாக நினைவில் வைத்திருக்கிறது. ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் அதைத் தூக்கிக் காட்டினார். எங்களுக்கு 2007 என்றால் நவம்பர் 25. இண்ட்ராஃப் என்ற இந்து உரிமை இயக்கத்தின் அழைப்பில் கோலாலம்பூர் பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கித் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரண்ட ஞாயிற்றுக்கிழமை. பேரணிக்கு நீதிமன்றத் தடை, சாலையெங்கும் சோதனை, கண்ணீர்ப்புகை. பெரும்பாலானவர்கள் கையில் இருந்தது பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசி. அதில் குறுஞ்செய்தி ஒன்று தோட்டத்திலிருந்து தாமானுக்கும் தாமானிலிருந்து ஆலை விடுதிக்கும் தாவிப் போய்க்கொண்டே இருந்தது. நானும் நான்கு பேருக்கு அனுப்பினேன். ஒரு தோட்டத்துச் சேதி இன்னொரு தோட்டத்துக்கு ஆபீஸ் சன்னலைத் தொடாமல் போனதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். அடுத்த ஆண்டு மார்ச் 8 தேர்தலில் ஆளும் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. ம.இ.கா. தலைவர் ச. சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்திலிருந்து சிதறியவர்களுக்கு ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு இருக்கிறது. ஜொகூரில் இருப்பவர், கிள்ளானில் இருப்பவர், சிங்கப்பூருக்குப் போனவர் எல்லாம் அதில் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒருவர் தன் அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த சம்பளச் சிட்டைப் படமெடுத்துப் போட்டார். 1974-ஆம் வருடத்துச் சிட்டு. மடித்த இடம் கிழிந்து, மை பழுப்பேறி இருந்தது. அவர் அப்பா உயிரோடு இருந்தவரை அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிந்ததில்லை. கணக்காளராக இருக்கும் ஒரு பேத்தி, அந்தக் குழுவிலேயே, வரி வரியாகப் பிரித்துச் சொன்னாள். வேலை நாள் இத்தனை. காய்ந்த ரப்பர் இத்தனை. பிடித்தம்: சேமநிதி, சங்கச் சந்தா, முன்பணம், அரிசி. அன்று இரவு பன்னிரண்டு மணிவரை யாரும் தூங்கவில்லை. ஆளாளுக்குக் கேள்வி கேட்டார்கள். சன்னலில் கேட்காமல் விட்ட கேள்விகளை ஐம்பது வருடம் கழித்துப் பேத்தியிடம் கேட்டார்கள். நான் என் கைப்பேசியை அன்றைக்கு நேசித்தேன்.

அப்படி நேசித்ததால்தான் மற்றதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2020 மார்ச் 18. நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய நாள். பள்ளிகள் மூடின, பாடம் கைப்பேசிக்கு வந்தது. அந்த ஆண்டு கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் 36.9 விழுக்காடு மாணவர்களிடம் எந்த மின்னணுக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. அது நாட்டுக் கணக்கு. எங்கள் வரிசையில் எதிர்வீட்டுக் கணக்கு வேறு மாதிரி: வீட்டில் ஒரு கைப்பேசி, பிள்ளைகள் மூன்று. புருஷன் இல்லை. ஆலை சிறிது நாளில் திறந்துவிட்டது. அந்த அம்மாள் காலை ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். கைப்பேசியும் அவரோடு போய், லாக்கருக்குள் பன்னிரண்டு மணி நேரம் பூட்டிக் கிடக்கும். அதற்குள் ஆசிரியர்கள் பாடம் அனுப்புவார்கள், குரல் பதிவு அனுப்புவார்கள், ‘இன்று பத்து மணிக்குள் படம் எடுத்து அனுப்பவும்’ என்பார்கள். இரவு எட்டு மணிக்கு அம்மா வந்த பிறகுதான் அந்த வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கும்.

முதலில் ஆறாம் வகுப்புப் பெண். அவளுக்கு ஒரு மணி நேரம். பிறகு நான்காம் வகுப்பு. கடைசிப் பையன் முதலாம் வகுப்பு. அவன் முறை வரும்போது தூங்கிவிடுவான். நான் பல இரவுகளில் என் கைப்பேசியோடு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் ஆசிரியை குரல் பதிவில், “கண்ணு, நீ இன்னிக்கும் வரலையே, டீச்சர் தேடுறேன்” என்று சொன்னதை அவன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பாடத்தைக் கேட்கவில்லை. அந்தக் குரலை மட்டும் கேட்டான். பதிவேட்டில் அவன் பேருக்கு நேரே வராதவன் என்ற குறிதான் இருந்திருக்கும். ஆசிரியை மேல் தவறில்லை. தரவு வாங்கிக் கொடுத்த ஆசிரியர்களும், வீடு தேடி வந்து தாளில் பயிற்சி கொடுத்துவிட்டுப் போன ஆசிரியர்களும் எனக்குத் தெரியும். ஆனால் பேர் கூப்பிடும் இடத்தையே ஒரு கருவிக்குள் வைத்துவிட்டு, கருவி எல்லோரிடமும் இருக்கிறதா என்று கேட்க மறந்தோம். பெரட்டுக்கு வர வழி இல்லாதவன் வராதவனாகிவிட்டான். அந்தப் பையனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வாசிக்கத் திணறுகிறான்.

என் மகன் கதைக்கு வருகிறேன். பட்டயப் படிப்பு முடித்தவன். ஆலையில் குறைந்தபட்சச் சம்பளம். 2022 மே மாதத்தில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700 ஆனது. மோட்டார் வேலையில் நல்ல மாதத்தில் அதற்கு மேல் பார்க்கலாம் என்று போனான். பார்த்தான். பிறகு ஒரு மழை வாரத்தில் இரண்டு சாப்பாடு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவன் தரம் இறங்கியது. தரம் இறங்கினால் நேரம் தேர்ந்தெடுக்கும் வரிசையில் பின்னால் போவான். பின்னால் போனால் கூட்டமில்லாத நேரம். கூட்டமில்லாத நேரத்தில் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் தரம் ஏறாது. “எதனால எவ்வளவு கொறைஞ்சுச்சுன்னு யார்கிட்டப்பா கேக்குறது?” என்றான். செயலியில் உதவி என்று ஒரு பொத்தான் உண்டு. தட்டினால் முன்கூட்டியே எழுதி வைத்த பதில் வருகிறது. மூன்று முறை தட்டினான், மூன்று முறையும் அதே பதில். எனக்கு மெட்ரோலாக் நினைவுக்கு வந்தது. அந்தக் கருவியாவது கண்ணெதிரே மிதந்தது. கோடாவது தெரிந்தது.

அம்மா தலைமுறையில் மழைக்குக் கூலி இல்லை. மரம் நனைந்தால் சீவ முடியாது. இவன் தலைமுறையில் மழைக்குத்தான் செயலி அதிகம் கூப்பிடுகிறது, யாரும் வெளியே வந்து சாப்பிடமாட்டார்கள் என்பதால். செனாவாங் வளைவுகளில் லோரிகளுக்கு நடுவே, மழையில், கைப்பிடியில் மாட்டிய திரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டும் பிள்ளைகளைப் பாருங்கள். அந்த நீல வெளிச்சத்தில் முகம் தெரியும். இருபது வயது இருக்கும்.

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2025 ஆகஸ்டு 28 அன்று கிக் தொழிலாளர் மசோதா மக்களவையில் நிறைவேறியது. செப்டம்பரில் மேலவையும் ஏற்றது. இந்த நாட்டில் இப்படி வேலை செய்பவர்கள் 12 லட்சம் பேர் என்று அரசு சொல்கிறது. அவர்களுக்குச் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பும், முறையிட ஒரு தீர்ப்பாயமும் சட்டத்தில் வந்திருக்கின்றன. நான் இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தீர்ப்பாயத்தில் நின்று என்ன கேட்பது? தன் தரம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்றே தெரியாதவன், கணக்கில் பிழை என்று எதைக் காட்டுவான்? தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954-இல் அமைந்தபின், பால் எப்படி நிறுக்கப்படுகிறது, விலைக்கும் கூலிக்கும் என்ன தொடர்பு என்று முதலாளிகளோடு மேசையில் உட்கார்ந்து பேச முடிந்தது. பேசியது போதவில்லை என்று குறை சொல்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றாவது இரு பக்கமும் தெரிந்திருந்தது. செயலியின் கணக்கு முறை அந்த மேசைக்கு வந்தாக வேண்டும். எத்தனை நிமிடத் தாமதத்துக்கு எத்தனை புள்ளி குறையும், மழைக்குச் சலுகை உண்டா, இடைவழியில் டயர் வெடித்தால் என்ன, எல்லாம் எழுத்தில் வர வேண்டும். தமிழிலும் வர வேண்டும்.

தமிழில் என்று சொல்வது பெருமைக்காக இல்லை. என் அத்தை கதை அதற்குக் காரணம்.

அத்தை ஐம்பத்தைந்து வயதில் சேமநிதியை எடுத்து வங்கியில் போட்டிருந்தார். ஒரு நாள் மதியம் ஒரு அழைப்பு. போலீஸ் என்றான். உங்கள் பேரில் ஒரு கார், ஒரு வழக்கு, பணத்தைப் பாதுகாப்பான கணக்குக்கு மாற்றாவிட்டால் கைது என்றான். மலாயில் மிடுக்காகப் பேசினான். அத்தை பதறிப்போய்த் திரையில் வந்த ஆறு எண்களைப் படித்துச் சொன்னார். அதற்கு மேலே எச்சரிக்கை இருந்தது. ‘இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று. ஆங்கிலத்தில் இருந்தது. எண் மட்டும் எல்லா மொழிக்கும் பொது, அதைப் படித்தார். நாற்பது நிமிடத்தில் முப்பது வருட உழைப்பு போய்விட்டது. நாங்கள் அறிந்தபோது மறுநாள் காலை. 997 என்ற எண் இருப்பதும், மோசடி நடந்தவுடன் அதற்கு அழைத்தால் பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்பு உண்டு என்பதும் எங்களில் யாருக்கும் அன்று தெரியாது. 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. இதைப் படிப்பவர்கள் இப்போதே வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுஎண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா அதே ஆண்டு செப்டம்பரில் வங்கிகளிடம் சொன்னது. நல்ல முடிவு. அத்தைக்குப் பிந்திவிட்டது.

முன்பு இதையெல்லாம் எச்சரிக்க நமக்குப் பொதுவான ஒரு காது இருந்தது. லயத்து வாசலில் ஒருவர் தமிழ் நேசனை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பார்கள். 1924-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. இப்போது ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு சேதி. அத்தையின் திரையில் சாமி படமும் சீரியல் துணுக்கும்தான் வந்துகொண்டிருந்தன. பக்கத்துத் தாமானில் இதே மாதிரி ஒருவர் ஏமாந்தது அவருக்கு வரவேயில்லை.

கைப்பேசி இல்லாமல் முடியாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். 2025 ஆகஸ்டு 31 முதல் பதினெட்டு வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும் சாரா என்ற அரசு உதவியாக 100 வெள்ளி கிடைத்தது. அதை வாங்கச் செயலி தேவையில்லை. மைகார்டு அடையாள அட்டை போதும். அம்மா தன் அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். முதல் நாள் நெரிசல், கருவி திணறியது. இரண்டாம் முறை போனபோது அரிசியும் எண்ணெயும் வாங்கிவந்தார். தானே போய்த் தானே வாங்கிய சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. பெட்ரோல் மானியமும் மைகார்டு வழியாகத்தான் வருகிறது. அரசுக்கு மனம் இருந்தால் திரையைக் கடக்காமலும் மக்களைத் தொட முடியும். பணம், மருத்துவம், பள்ளி, போலீஸ் ஆகிய நான்கிலாவது, செயலிக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் ஒரு ஆளும் சட்டப்படி இருந்தாக வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் கோயில் திருவிழாவுக்கு வரும்போது மாலைக்கு முன்னால் இதைக் கேட்கவேண்டும். ஒரு வங்கிக் கிளை மூடுகிறார்கள் என்றால் அதைச் செனாவாங் ஊர் விஷயமாக எடுத்துப் பேசவேண்டும்.

அம்மாவுக்கும் ஒரு திறன்பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். சிங்கப்பூரில் இருக்கும் தங்கையின் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு. கைரேகை வைத்துத் திறக்கலாம் என்று கடைக்காரத் தம்பி சொன்னார். அம்மா கட்டைவிரலை வைத்தார். ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். ஆள்காட்டி விரலை வைத்தார். இடது கை, வலது கை, பத்து விரலும் வைத்துப் பார்த்தாயிற்று. சீவுகத்தியைப் பிடித்தும், ஒட்டுப்பாலை உரித்தும், பாலை உறைய வைக்கும் அமிலத்தில் நனைந்தும் அந்த விரல்களில் ரேகை தேய்ந்திருந்தது. “ஆபீஸ்ல இதே கைநாட்டுக்குத்தான்ய்யா சம்பளம் குடுத்தாங்க” என்றார் அம்மா, கடைக்காரரைப் பார்த்து.

எண் வைத்துத் திறக்கலாம் என்றோம், எண் மறந்துவிடுகிறது. கடைசியில் என் மகன் தன் விரலைப் பதிந்து கொடுத்தான். அம்மாவின் கைப்பேசி இப்போது பேரனின் விரலுக்குத் திறக்கிறது. அவன் வேலைக்குப் போய்விட்டால், திரும்பி வரும்வரை அதை மேசைமேல் வைத்துவிட்டு, மணி அடித்தால் எடுத்துக் காதில் வைத்துப் பார்க்கிறார்.